வீடு, வாகனத் திருட்டுத் தடுப்பு: வையம்பட்டி வட்டாரம்

வீட்டையும் வாகனத்தையும் திருட்டிலிருந்து காப்பதில் இரண்டு வேலைகள் உள்ளன. ஆளில்லாத நேரம் திருடனுக்குத் தெரியாமல் பார்த்துக்கொள்வது ஒன்று. தெரிந்து வந்தாலும் அந்த நேரத்துக்குள் காரியம் முடியாதபடி தாமதப்படுத்துவது மற்றொன்று. பூட்டு, கேமரா, அலாரம், நாய், பக்கத்து வீடு என எதை எடுத்தாலும் இந்த இரண்டில் ஒன்றைத்தான் செய்கிறது. திருச்சிராப்பள்ளி மாவட்டத்தின் தென்மேற்கில், மணப்பாறையைத் தாண்டி இருக்கும் வையம்பட்டி, ஊராட்சி ஒன்றியத் தலைமையிடம். திருச்சி–திண்டுக்கல் நெடுஞ்சாலையும் ரயில் பாதையும் இவ்வழியே செல்கின்றன. இரவில் காரில் வருபவர் விடிவதற்குள் திண்டுக்கல், கரூர் மாவட்டங்களைக் கடந்துவிடலாம். ஒன்றையொன்று கூப்பிட்டால் கேட்காத தூரத்தில் நிற்கும் தோட்டத்து வீடுகளும், பிள்ளைகள் வெளியூரிலோ வெளிநாட்டிலோ இருக்க முதியவர்கள் மட்டும் வசிக்கும் வீடுகளும் இத்தகைய ஊர்களில் எளிதில் இலக்காகின்றன.

காவலுக்கு ஊர் கூடிப் பணம் கொடுப்பது தமிழகத்தில் பழைய வழக்கம். சோழர் காலக் கல்வெட்டுகளில் பாடிகாவல் என்னும் காவல் வரி இடம்பெறுகிறது. பிற்காலத்தில் ஊர்க்காவல் சில குழுக்களின் பரம்பரை உரிமையாக இருந்தது. ஆங்கிலேய ஆட்சி அந்த உரிமையைப் பறித்ததோடு நிற்கவில்லை. 1871இல் கொண்டுவந்த குற்றப்பரம்பரைச் சட்டத்தை 1911க்குப் பின் சென்னை மாகாணத்துக்கும் நீட்டித்து, சில சாதிகளில் பிறந்த எல்லோரையும் குற்றவாளிகளாகப் பதிவுசெய்தது. சென்னை மாகாணம் 1947இல் அச்சட்டத்தை நீக்கியது. நாடு முழுவதும் அது 1952இல் ஒழிந்தது. பிறப்பைப் பார்த்துச் சந்தேகப்படும் பழக்கம் மட்டும் இன்னும் முழுதாகப் போகவில்லை. திருட்டுத் தடுப்பு பற்றிய எந்தப் பேச்சிலும் இந்த அநீதியை நினைவில் வைக்க வேண்டியிருக்கிறது.

பூட்டிய வீட்டை வெளியாருக்குக் காட்டிக்கொடுப்பது பெரும்பாலும் வீட்டாரே விட்டுச்செல்லும் அடையாளங்கள்தாம். வாசலில் இரண்டு நாள் கோலம் இல்லை. கேட்டுக்குள் நாளிதழ்கள் குவிந்து கிடக்கின்றன. முன்விளக்கு பகலிலும் எரிகிறது. வெளிக்கதவில் பெரிய பூட்டு தொங்குகிறது. தெருவில் ஒருமுறை நடந்தாலே இவை கண்ணில் படும். இவற்றைவிட வெளிப்படையான அறிவிப்பு பிளெக்ஸ் பேனர். காதணி விழா, திருமணம், புதுமனை புகுவிழா எதுவானாலும் குடும்பத்தார் பெயர், ஊர், மண்டபம், நாள், நேரம் எல்லாம் அதில் அச்சாகின்றன. அந்த நேரத்தில் அவ்வீட்டில் யாரும் இருக்கமாட்டார்கள் என்பதை அறிய வேறு உளவு தேவையில்லை. இறப்பு வீட்டுக் கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டியும் இப்படிப் பயன்படக்கூடும். மணப்பாறையை அடுத்த வீரப்பூரின் மாசித் திருவிழா, சமயபுரம் பூச்சொரிதல், ஸ்ரீரங்கம் வைகுண்ட ஏகாதசி போன்ற நாள்களில் குடும்பமே கிளம்பிப்போவது ஊரறிந்தது. போன இடத்திலிருந்தே படமெடுத்து வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போடுவதை வீடு திரும்பிய பிறகு செய்தால் ஒன்றும் குறைந்துவிடாது. பக்கத்து வீட்டார் காலையில் வாசல் தெளித்துக் கோலம் போட்டு, நாளிதழை எடுத்துவைத்தாலே முதல் தடுப்பு அமைந்துவிடுகிறது. அதற்குச் செலவும் இல்லை.

அடுத்தது கதவு. வையம்பட்டி வழியாகச் செல்லும் சாலை சேரும் திண்டுக்கல், பூட்டுக்குப் பெயர்பெற்ற நகரம். அங்கு கையால் செய்யப்படும் பூட்டுகளுக்கு 2019 ஆகஸ்ட்டில் புவிசார் குறியீடு கிடைத்தது. மாங்காய் வடிவில் அமைந்த மாங்காய்ப் பூட்டு இவற்றில் புகழ்பெற்றது. உள்ளே அடுக்கடுக்காகப் பொருத்திய லீவர் என்னும் தகடுகள் இருக்கும். சாவியின் ஒவ்வொரு வெட்டும் தனக்குரிய தகட்டைச் சரியான உயரத்துக்குத் தூக்கினால்தான் தாழ் நகரும். தகடுகள் கூடக்கூட மாற்றுச்சாவி போடுவது கடினமாகும். ஆனால், வீட்டை உடைப்பவர்கள் பூட்டோடு மல்லுக்கட்டுவதில்லை. பூட்டு மாட்டியிருக்கும் நாதாங்கியில் கடப்பாரையைக் கொடுத்து நெம்புகிறார்கள். மரச்சட்டத்தில் அரை அங்குலத் திருகாணியால் நிற்கும் நாதாங்கி ஒரே நெம்பில் பெயர்ந்து, பூட்டு பூட்டியபடியே தரையில் விழும். ஆகவே, நல்ல பூட்டுக்குச் செலவிடும்போது நாதாங்கிக்கும் செலவிட வேண்டும். சட்டத்தைத் துளைத்து மறுபக்கம் நட்டு போட்டு இறுக்கிய கனமான இரும்பு நாதாங்கியோ, கதவுக்குள்ளேயே பதிந்து நிலைக்குள் ஆழமாகச் செல்லும் தாழோ நெம்புவதற்கு எளிதில் இடம் தராது. முன்கதவைத் தேக்கில் இழைத்துவிட்டுக் கொல்லைக் கதவைத் தகரத்தில் விடுவதும், மாடிப்படிக் கதவைச் சாத்தாமல் விடுவதும் கட்டுமானத்தில் அடிக்கடி நேரும் குறைகள். சாவியை மிதியடிக்கு அடியிலும் மின்மீட்டர் பெட்டியிலும் பூந்தொட்டியிலும் வைப்பது வழக்கம் என்பது திருடர்களுக்கும் தெரியும்.

வீட்டுக்குள் வந்தவர் நேராகச் செல்வது பீரோவுக்கு. ஒரு பவுன் 8 கிராம்தான். எளிதில் கொண்டுபோகலாம், உருக்கிவிட்டால் அடையாளமும் போய்விடும். பீரோ சாவி பீரோவின் மேலேயோ மெத்தைக்கு அடியிலோ இருக்கும் வீட்டில் அதை உடைக்க வேண்டிய அவசியமே இல்லை. விற்கப்படும் ஹால்மார்க் நகைகளில் ஆறு இலக்கத் தனி அடையாள எண் 2023 ஏப்ரல் 1 முதல் கட்டாயம். இந்த எண்ணையும் எடையையும் குறித்து, நகையைப் படமெடுத்து, ரசீதோடு வேறிடத்தில் வைத்திருந்தால், உருக்கப்படாமல் மீட்கப்படும் நகையை நிரூபிப்பது எளிது. வங்கிப் பெட்டகமும் ஒரு வழிதான். ஆனால் அதற்கும் வரம்பு உண்டு. ரிசர்வ் வங்கி 2021இல் வெளியிட்டு 2022 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த விதிகளின்படி, தீ, திருட்டு, கொள்ளை, ஊழியர் மோசடி ஆகியவற்றால் இழப்பு நேர்ந்தால் வங்கியின் பொறுப்பு பெட்டகத்தின் ஆண்டு வாடகையைப் போல் 100 மடங்கு வரைதான்.

திருச்சியையே உலுக்கிய இரண்டு சம்பவங்கள் கதவைத் தாண்டியும் யோசிக்க வைத்தன. 2019 ஜனவரியில் சமயபுரம் டோல்கேட் அருகே பஞ்சாப் நேஷனல் வங்கிக் கிளையின் சுவரைத் துளைத்து உள்ளே புகுந்தவர்கள் பெட்டகங்களை உடைத்தனர். அதே ஆண்டு அக்டோபர் 2 அதிகாலையில் சத்திரம் பேருந்து நிலையம் அருகே லலிதா ஜுவல்லரியின் சுவரில் ஓட்டை போட்டு, முகமூடி அணிந்த இருவர் சுமார் 13 கோடி ரூபாய் மதிப்புள்ள நகைகளை அள்ளிச் சென்றனர். மோப்ப நாயைக் குழப்ப மிளகாய்ப் பொடியையும் தூவியிருந்தனர். கேமராக்கள் அவர்களைப் பதிவுசெய்தன, தடுக்கவில்லை. மறுநாள் திருவாரூரில் நடந்த வழக்கமான வாகனச் சோதனையில் ஒருவர் நகைகளுடன் சிக்கியதும்தான் வழக்கின் முடிச்சு அவிழ்ந்தது. இரண்டிலும் காவலுக்கு வெளியே இருந்தது பின்சுவரே. அதை ஒட்டிய காலியிடமும் புதரும் வீடுகளுக்கும் ஆபத்துதான்.

கண்காணிப்பு கேமரா இன்று சிறு ஊர்களின் வீடுகளிலும் இருக்கிறது. அதைப் பொருத்துவதில் சில தவறுகள் அதன் பயனையே போக்கிவிடுகின்றன. உயரத்திலிருந்து நேர்கீழே பார்க்கும் கேமராவில் தொப்பியும் தலைமுடியும்தான் பதிவாகும். ஒரு கேமராவாவது முகத்தைப் பிடிக்கும் உயரத்தில், தெருவையும் வாகன எண்ணையும் காட்டும் கோணத்தில் வேண்டும். பதிவுப்பெட்டி டிவிக்குப் பக்கத்தில் இருந்தால் திருடர்கள் அதையும் கழற்றிக்கொண்டு போய்விடுகிறார்கள்; பரணிலோ பூட்டிய அறையிலோ வைப்பதும், பதிவின் நகல் இணையத்தில் சேருமாறு அமைப்பதும் நல்லது. மின்தடையிலும் இயங்க யுபிஎஸ் தேவை. இணையத்தோடு இணைந்த கேமரா வேறொரு வாசலையும் திறக்கிறது. தொழிற்சாலையில் வைத்த கடவுச்சொல்லை மாற்றாமல் விடப்பட்ட கேமராக்களையும் பதிவுப்பெட்டிகளையும் கைப்பற்றித்தான் மிராய் என்னும் தீநிரல் 2016இல் பெரும் இணையத் தாக்குதல்களை நடத்தியது. வீட்டின் உள்ளறைகளை யாரோ எங்கிருந்தோ பார்க்கும் ஆபத்தும் இதே அலட்சியத்தால் வருகிறது. பொருத்திய அன்றே கடவுச்சொல்லை மாற்ற வேண்டும். படுக்கையறைப் பக்கம் கேமராவே வேண்டாம்.

வாகனங்களில், கிராமப்புறத்தில் எளிதில் போவது இருசக்கர வாகனம். ஹேண்டில் பூட்டை உதைத்து உடைத்து, வயரை இணைத்து ஓட்டிச்செல்லச் சில நிமிடங்கள் போதும். டிஸ்க் பிரேக்கில் மாட்டும் பூட்டும், சக்கரத்தைத் தூணோடு பிணைக்கும் சங்கிலியும், மறைவான இடத்தில் வைத்த மின்இணைப்பு சுவிட்சும் சேர்ந்தால் அந்த நிமிடங்கள் நீளும். கார் திருட்டு நவீனமாகிவிட்டது. சாவியைப் பையிலிருந்து எடுக்காமலே திறக்கும் கார்களில், வீட்டுக்குள் இருக்கும் சாவியின் மெல்லிய ரேடியோ அலையை வாசலருகே ஒருவர் பிடித்து, காரருகே நிற்கும் கூட்டாளிக்கு அனுப்பினால் கார் அதைத் தன் சாவி என்றே நம்பிவிடும். அலை வெளியேறாத உறையில் சாவியைப் போட்டுவைப்பதே இதற்கு எளிய தடுப்பு. லண்டனில் 2022இல் டொயோட்டா கார் ஒன்றை முகப்பு விளக்கின் வயர் வழியே பொய்க் கட்டளை அனுப்பித் திருடியது, சாவியே இல்லாமலும் இது முடியும் என்று காட்டியது. ஸ்டீயரிங்கில் குறுக்கே மாட்டும் இரும்புப் பூட்டு, பழைய பொருளானாலும், எந்த மென்பொருளாலும் திறக்க முடியாதது.

காரைத் திருடாமல் காரிலிருப்பதைத் திருடுபவர்களும் உண்டு. உண்டிவில்லில் பால்ரஸ் குண்டு வைத்து அடித்தால் ஜன்னல் கண்ணாடி அதிகச் சத்தமில்லாமல் நொறுங்கும். ரூபாய் நோட்டைக் கீழே போட்டுவிட்டு, உங்கள் பணம் விழுந்துவிட்டது என்று சொல்வது, டயரில் காற்றில்லை என்று கைகாட்டுவது எல்லாம் கவனத்தைத் திருப்பும் உத்திகள். வங்கியில் பணம் எடுத்தவர் வழியில் எங்கும் நிறுத்தாமல் வீடு சேர்வதே பாதுகாப்பு. 2019 ஏப்ரல் 1 முதல் புதிய வாகனங்களுக்குக் கட்டாயமான உயர்பாதுகாப்பு எண் பலகையைக் கழற்றினால் அதன் பூட்டு உடைந்துவிடும்; மறுபடி மாட்ட முடியாது. 2021 பிப்ரவரி முதல் கட்டாயமான ஃபாஸ்டேக், திருடுபோன கார் சுங்கச்சாவடியைக் கடந்தால் உரிமையாளரின் கைபேசிக்குச் செய்தி அனுப்பும்.

மணப்பாறை மாட்டுச் சந்தைக்குப் பெயர்போன பகுதி. ஆடு, மாடு, கிணற்று மோட்டாரின் செம்பு வயர் ஆகியவையும் இங்கே வீட்டுச் சொத்துதான். ஆடு திருடுபவர்களையும் சிறிய குற்றவாளிகள் என்று எண்ண முடியாது. 2021 நவம்பர் 21 அதிகாலையில், திருச்சி நவல்பட்டு காவல் நிலையச் சிறப்பு உதவி ஆய்வாளர் பூமிநாதன், ஆட்டுடன் பைக்கில் சென்றவர்களைத் தனியாகத் துரத்திச் சென்று, புதுக்கோட்டை மாவட்டம் கீரனூர் அருகே வெட்டிக் கொல்லப்பட்டார். பயிற்சி பெற்ற காவலருக்கே இது நேர்ந்தது. சத்தம் கேட்டதும் வீட்டுக்காரர் தனியாக இருட்டில் இறங்குவதைவிட, விளக்குகளைப் போட்டுக் குரல் கொடுத்து, 112 அல்லது 100ஐ அழைப்பதே உயிருக்கு நல்லது.

இன்றைய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதா, வீட்டில் நடக்கும் திருட்டுக்கு 7 ஆண்டு வரையும், இரவில் திருடுவதற்காக வீட்டை உடைத்தால் 14 ஆண்டு வரையும் சிறை விதிக்கிறது. தன்னையும் தன் சொத்தையும் காக்கும் உரிமையை அதன் 34 முதல் 44 வரையிலான பிரிவுகள் வீட்டாருக்குத் தருகின்றன; தேவைக்கு மேல் தாக்கும் உரிமையை அவை தரவில்லை. வேலியில் நேரடியாக மின்சாரம் பாய்ச்சுவது குற்றம். பிடிபட்டவரைக் கட்டிவைத்து அடிப்பதும் குற்றம். 2018 மே மாதம் திருவண்ணாமலை மாவட்டம் போளூர் அருகே, குழந்தை கடத்துபவர் என்ற வதந்தியை நம்பிய கும்பல் ஒரு மூதாட்டியை அடித்தே கொன்றது. அவர் குலதெய்வக் கோயிலைத் தேடி வந்தவர். அறிமுகமில்லாத முகம் திருடனின் முகமாகிவிடாது. சந்தேகம் இருந்தால் காவல் நிலையத்துக்குச் சொல்வதோடு ஊரின் வேலை முடிகிறது. வெளியூர் செல்லும்போது முன்கூட்டியே நிலையத்தில் தெரிவித்தால், இரவு ரோந்தில் அந்தத் தெருவையும் பார்த்துக்கொள்ளக் கேட்கலாம்.

திருட்டு நடந்துவிட்டால் பீரோவையும் கதவையும் தொடாமல், கலைந்த துணிகளை அடுக்காமல் விட வேண்டும். கைரேகை அவற்றில்தான் கிடைக்கும். வாகனம் போனால் அன்றே புகார் கொடுத்து முதல் தகவல் அறிக்கை பெற்று, காப்பீட்டு நிறுவனத்துக்கும் எழுத்தில் தெரிவிக்க வேண்டும். மூன்றாம் நபர் காப்பீடு மட்டும் இருந்தால் திருட்டுக்கு இழப்பீடு இல்லை. முழுக் காப்பீடு உள்ளவரிடம் நிறுவனங்கள் இரண்டு சாவிகளையும் கேட்பது வழக்கம். காவல் துறையிடம் உடனே புகார் செய்திருந்தால், நிறுவனத்துக்குத் தாமதமாகச் சொன்னதை மட்டுமே காரணமாகக் காட்டி இழப்பீட்டை மறுக்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2022 பிப்ரவரியில் தீர்ப்பளித்தது. மீட்கப்பட்ட பொருள் நீதிமன்றத்துக்கு வந்தபின் 14 நாளில் அதன் விவரம் பதிவாகி, படமெடுக்கப்பட்டு, பின் 30 நாளில் அதை யாரிடம் ஒப்படைப்பது என்ற உத்தரவு பிறப்பிக்கப்பட வேண்டும் என்கிறது குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 497ஆம் பிரிவு.