எப்பம்மா குளிச்சே?

“கடைசியா எப்பம்மா தலைக்குக் குளிச்சே?”

ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு முதல் தடவையாக வரும் கர்ப்பிணியிடம் நர்சம்மா இதைக் கேட்காமல் விடமாட்டார். எடை, ரத்த அழுத்தம், ரத்தப் பரிசோதனை எல்லாம் இருக்கவே இருக்கின்றன. ஆதார் நகல், வங்கிப் புத்தகம் என்று மஞ்சள் பை நிறையக் காகிதம் கொண்டுவந்தாலும், இந்த ஒரு தேதியை மறந்துவிட்டு வந்தால் நர்சம்மாவின் பேனா அந்தக் கட்டத்திலேயே நின்றுவிடும்.

கேள்வி பழசு. தமிழில் கர்ப்பத்தைச் சொல்லும் பேச்சே இதைச் சுற்றித்தான் பிறந்திருக்கிறது. ‘முழுகாமல் இருக்கிறாள்’ என்றால், மாதவிலக்கு வந்து தலைமுழுகும் வேளை இந்த மாதம் அவளுக்கு வரவில்லை என்று பொருள். ‘நாள் தள்ளிப்போயிருக்கு’ என்பதும் அதே கணக்கு. சிறுநீர்ப் பரிசோதனை அட்டை இல்லாத காலத்தில், நடக்காமல் போன ஒரு குளியல்தான் முதல் மருத்துவ அறிக்கை. அதை முதலில் வாசித்தவர் பெரும்பாலும் மாமியார்.

பிரசவ மாதத்தை முன்கூட்டியே கணக்கிடவும் ஊருக்குத் தெரிந்திருந்தது. ஆடி பிறந்ததும் புதுப்பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைத்துப்போகும் வழக்கத்துக்குப் பெரியவர்கள் சொல்லும் காரணம், ஆடியில் கரு தங்கினால் சித்திரை வெயிலில் பிரசவமாகும் என்பது. அதே கணக்கைத்தான் 19-ஆம் நூற்றாண்டில் ஜெர்மனியின் ஹைடல்பெர்க் நகரப் பேராசிரியர் ஃப்ரான்ஸ் நேகலே சூத்திரமாக்கினார். கடைசி மாதவிலக்கு தொடங்கிய நாளிலிருந்து மூன்று மாதம் பின்னே போய், ஏழு நாள் கூட்டினால் பிரசவத் தேதி. மொத்தம் 280 நாள். 28 நாள் கொண்ட மாதங்களாக எண்ணினால் சரியாகப் பத்து. ‘பத்து மாதம் சுமந்தவள்’ என்பதை மிகைப் பேச்சு என்று நினைப்பவர்கள் ஒருமுறை பெருக்கிப் பார்க்கலாம்.

தேதி தெரிந்திருந்தும், அதைக் கொண்டுபோய்ச் சொல்ல ஓர் இடம் வெகுகாலம் இருக்கவில்லை. சென்னையில் 1844-இல் தொடங்கி, இன்று எழும்பூரில் இருக்கும் மகப்பேறு மருத்துவமனை ஆசியாவின் மிகப் பழையவற்றுள் ஒன்று. ஆனால் அன்றைய மருத்துவமனைகள் வலி கண்டவர்களுக்கானவை. ஆண் மருத்துவரிடம் பேசவே கூசிய பெண்கள் அங்கும் போகவில்லை. 1875-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்த நான்கு பெண்களில் ஒருவரான மேரி ஷார்லீப், அப்படிப்பட்டவர்களுக்காகவே 1885-இல் கோஷா ஆஸ்பத்திரி உருவாகக் காரணமாக இருந்தார். இன்று அது திருவல்லிக்கேணி கஸ்தூர்பா காந்தி மருத்துவமனை. ‘எப்போது குளித்தாய்’ என்பதை ஒரு பெண்ணே கேட்டால்தான் பதில் வரும் என்பது அந்தக் காலத்து உண்மை. இன்றும் முழுக்க மாறிவிடவில்லை.

வலி வருவதற்கு முன்பே மருத்துவரைப் பார்க்கும் வழக்கத்துக்கு வித்திட்டவர்களில் முக்கியமானவர் எடின்பரோவைச் சேர்ந்த ஜான் பாலன்டைன். குறையோடு பிறந்த சிசுக்களை ஆராய்ந்தவர் அவர். கருவிலேயே நோய் தொடங்குகிறது என்றால் அப்போதே கவனிக்க வேண்டாமா என்று 1901-இல் எழுதினார். அந்த ஊர் மகப்பேறு மருத்துவமனையில் கர்ப்பிணிகளுக்கென்று கிடைத்தது ஒரே ஒரு கட்டில். 1915-இல் அங்கே புறநோயாளிப் பிரிவும் வந்தது. 1929-இல் பிரிட்டிஷ் அரசு ஓர் அட்டவணை போட்டது: முதல் வருகை 16-ஆம் வாரம், அடுத்து 24, 28; பிறகு 36 வரை இரு வாரத்துக்கு ஒருமுறை, அதன்பின் வாரந்தோறும். ஏன் 16 என்பதற்கு அந்தக் குறிப்பில் விளக்கம் கிடையாது. ஆனாலும் உலகம் பல பத்தாண்டுகள் அதையே பின்பற்றியது.

இப்போது முதல் வருகை 12 வாரத்துக்குள் என்கிறார்கள். ரத்தசோகையை ஈடுகட்டக் காலம் வேண்டும். கர்ப்பத்தால் ஏறிய ரத்த அழுத்தமா, முன்பே இருந்ததா என்று பிரித்தறிய ஆரம்ப அளவு வேண்டும்.

இங்கேதான் ஊர்வழக்கோடு உரசல். மூன்று மாதம் முடியும்வரை வெளியே சொல்லக்கூடாது, கண்ணு பட்டுவிடும் என்பது வீட்டுச் சட்டம். போதாக்குறைக்கு, ஆரம்ப சுகாதார நிலையங்களில் கர்ப்பிணிகளுக்கான நாள் செவ்வாய்க்கிழமை! நல்ல காரியத்துக்குத் தமிழன் தொடாத கிழமை. இந்தத் தயக்கத்தை உடைத்ததில் கிராம சுகாதார செவிலியரின் கால்களுக்குப் பாதிப் பங்கு, மீதி பணத்துக்கு. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பெயரிலான மகப்பேறு நிதியுதவி 2006-இல் 6,000 ரூபாயாகவும், 2011-இல் 12,000 ஆகவும், 2018-இல் பெட்டகங்களையும் சேர்த்து 18,000 ஆகவும் உயர்ந்தது. அந்த 2018 ஏற்பாட்டில் முதல் தவணை 2,000 ரூபாய். 12 வாரத்துக்குள் பதிந்தவர்களுக்கு. கண்திருஷ்டிக்கு அரசு கொடுத்த நஷ்டஈடு என்று வைத்துக்கொள்ளலாம். பதிந்தால் கிடைக்கும் ‘பிக்மி நம்பர்’ பிறகு குழந்தையின் பிறப்புச் சான்றிதழ் வரை கூடவே வருகிறது.

ஆரம்ப வாரங்களில் எடுக்கும் ஸ்கேன், கருவின் நீளத்தை அளந்தே நாளைச் சொல்லிவிடும். 1958-இல் கிளாஸ்கோவில் இயன் டொனால்டு குழு கட்டுரையாக வெளியிட்ட நுட்பத்தின் வாரிசு அது. இருந்தும் அட்டையில் முதலில் ஏறுவது அவள் வாயிலிருந்து வரும் தேதிதான். அதுவும் பெரும்பாலும் இப்படி வரும்:

“ஆடிப்பெருக்கு அன்னிக்குக் குளிச்சேங்க.”

“ஆகஸ்ட் 3. மூணாம் நாள் குளியலா?”

“ஆமாங்க.”

நர்சம்மா இரண்டு நாள் கழிக்கிறார். குளித்த நாள் வேறு, விலக்கு தொடங்கிய நாள் வேறு. ஆகஸ்ட் 1. மூன்று மாதம் பின்னே, ஏழு நாள் முன்னே: மே 8. கதவோரம் நிற்கும் மாமியார் அதற்குள் விரலை மடக்கி ஆடி, ஆவணி, புரட்டாசி என்று பத்தை எண்ணி முடித்துவிட்டார்.

“சித்திரையிலயா?”

“ஆமாம்மா, சித்திரை 25. இப்பவே ஒரு ஃபேன் வாங்கி வெச்சிருங்க. அடுத்து யாரு?”