புண்ணாக்கை யார் பார்ப்பது?

அம்மா புண்ணாக்கு வாங்கினால் ஒரு துண்டை உடைத்து முதலில் முகர்ந்து பார்ப்பார். உடைத்த இடத்தில் பச்சையோ மஞ்சளோ பூத்திருந்தால், "இது வேணாம் மொதலாளி" என்று அங்கேயே வைத்துவிடுவார். 1978இல் ஒரு மழைநாளில் கொழுந்து நிறுத்து முடியவே இருட்டிவிட்டது. என்னை நானுஓயா டவுனுக்கு அனுப்பினார். எனக்குப் பதினொரு வயது. கடைக்காரர் சாக்கின் அடியில் கிடந்ததை அள்ளிப் போட்டார். எனக்கு உடைத்துப் பார்க்கத் தோன்றவில்லை.

மூன்றாம் நாள் மாடு தொட்டியில் வாய் வைக்கவில்லை. நாலு போத்தல் கறந்த மாடு ஒரு போத்தலுக்கு வந்தது. இரண்டு கிழமையில் கன்று செத்தது. புண்ணாக்குத்தான் காரணமா, வேறு நோயா என்று சொல்ல யாரும் இல்லை. மீதியை அம்மா ஒரு துணியில் முடிந்து வெகுநாள் வைத்திருந்தார், யாராவது பார்க்க வருவார்கள் என்று. யாரும் வரவில்லை.

கோச்சி நானுஓயாவுக்கு வந்தது 1885இல். அதன்பின் அரிசி, உரம், புண்ணாக்கு எல்லாம் இங்கே இறங்கித்தான் சுற்றுத் தோட்டங்களுக்குப் போனது. 1903இலிருந்து இங்கிருந்து நுவரெலியா, கந்தப்பளை பக்கம் சின்னக் கோச்சியும் ஓடியது. கோப்பிக் காலத்தில் புண்ணாக்கைச் செடிக்கும் உரமாகப் போட்டார்கள். லயத்துக்குப் பின்னால் மாடு கட்டிய எங்கள் பெண்களுக்கு அது வேறு பொருள். மானாப் புல் அறுத்துப் போட்டால் மாடு உயிரோடு இருக்கும், புண்ணாக்கு போட்டால்தான் கறக்கும். பால் காசு அவர்கள் கைக்கு வரும் காசு, அதில்தான் பிள்ளைகளுக்குக் கொப்பி வாங்கினார்கள்.

5,000 அடிக்கு மேலே, பனியும் மழையும் விடாத ஊரில் புண்ணாக்கு லேசில் ஈரம் வாங்கும். தேங்காய்ப் புண்ணாக்கு என்றால், கொப்பரா சரியாகக் காயாவிட்டால் கெடுதல் எண்ணெய் ஆலைக்குப் போகும் முன்பே தொடங்கிவிடும். 1960இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் செத்து விழுந்தன. தேடிப் போனால் பிரேசிலிலிருந்து வந்த நிலக்கடலைப் புண்ணாக்கு. அதில் வளர்ந்த அஸ்பர்ஜிலஸ் ஃப்ளேவஸ் என்ற பூஞ்சணத்தின் நஞ்சுக்கு அஃப்ளாடொக்சின் என்று பெயர் வைத்தார்கள். மாடு தின்றால் அது உருமாறிப் பாலிலும் வரும். அம்மா பார்த்துத் திருப்பிக் கொடுத்த பச்சை அந்தச் சாதியாக இருக்கலாம். ஆனால் நஞ்சுக்கு வாசம் கிடையாது. பூஞ்சணத்தைத் தட்டிவிட்டாலும் நஞ்சு தங்கிவிடும். இதில் மூக்கை நம்ப முடியாது, மாதிரி எடுத்து ஆய்வுகூடத்தில்தான் பார்க்க வேண்டும். அதற்குக் காசு வேண்டும்.

அந்தக் காசைத் தொழிலிடமே வாங்கும் வழக்கம் மலைநாட்டுக்குப் புதிதல்ல. கோப்பித் தோட்டங்களில் ஆட்கள் கொத்துக் கொத்தாகச் செத்தபோது 1872இல் மருத்துவத் தேவைகள் கட்டளைச்சட்டம் வந்தது. தோட்டத்துக்காரர்களிடம் காசு வசூலித்து மாவட்ட வைத்தியர்களும் ஆஸ்பத்திரிகளும் ஏற்படுத்தினார்கள். 1880களில் அது விளைபொருள் ஏற்றுமதி மேல் தீர்வையாக மாறியது. 1925இல் தேயிலை ஆராய்ச்சிக்கும் அதே வழி. ஏற்றுமதியாகும் தேயிலைக்கு ஒரு செஸ், அதில் எழுந்ததுதான் தலவாக்கலை சென் கூம்ஸில் இன்றும் நிற்கும் தேயிலை ஆராய்ச்சி நிலையம். செடிக்கு நோய் வந்தால் பார்க்க ஆள் இருந்தது. அந்தச் செடியில் கொழுந்து எடுத்தவள் கட்டிய மாட்டின் தீனியைப் பார்க்க மேலும் அறுபது வருடம் ஆனது.

விலங்குத் தீவனச் சட்டம் வந்தது 1986இல், 15ஆம் இலக்கம். தயாரிப்பவர் பதிய வேண்டும், அனுமதிப்பத்திரத்துக்குக் கட்டணம் கட்ட வேண்டும், அதிகாரிகள் மாதிரி எடுக்கலாம். பேராதனை கெட்டம்பேயில் உள்ள கால்நடை உற்பத்தி சுகாதாரத் திணைக்களத்தின் பொறுப்பு அது. நல்ல சட்டம் என்றே சொல்வேன்.

பதிவுக் கட்டணம் ஒரு வழி, தொன் கணக்குக் கட்டணம் இன்னொரு வழி. அரைத்த சோளச் சக்கையையும் உமியையும் தீவனம் என்று விற்றவர்களைப் பிடிக்க, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவின் பல மாநிலங்கள் விற்கும் ஒவ்வொரு தொன்னுக்கும் சோதனைக் கட்டணம் வைத்தன. சில இடங்களில் கட்டணம் கட்டியதற்கு அடையாளமாக மூட்டையிலேயே சீட்டுத் தைத்தார்கள். அந்த மாநிலங்களின் தீவன அதிகாரிகள் 1909இல் தங்களுக்கென ஒரு சங்கமும் அமைத்துக்கொண்டார்கள். விற்பனை கூடினால் சோதனைக்கான காசும் கூடும் என்பது இந்த முறையின் பலம். சோதிப்பவரின் சம்பளம் சோதிக்கப்படுபவரின் கையிலிருந்து வருகிறதே என்ற கேள்வியும் கூடவே வரும். கட்டணத்தைச் சட்டம் நிர்ணயித்து அரசாங்கம் வசூலிக்கும்வரை எனக்கு அதில் பயமில்லை.

எனக்கு முக்கியம் வேறொன்று. தொன்னுக்கு நூறு ரூபா கட்டணம் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். 50 கிலோ மூட்டை இருபது சேர்ந்தது ஒரு தொன். மூட்டைக்கு ஐந்து ரூபா. கம்பனி அதைக் கட்டும், விலையில் ஏற்றும், கடைசியில் லயத்துப் பெண் கொடுப்பாள். தேயிலைத் தீர்வையும் அப்படித்தான், அதன் பாரம் கொழுந்துக் கூடை வரைக்கும் இறங்கியது. கொடுப்பவள் அவள் என்றால் சோதனையின் முடிவும் அவளுக்குத் தெரிய வேண்டும், தமிழில்.

பால் சேகரிப்பு நிலையத்தில் இருபத்திரண்டு வருடம் கணக்கு எழுதினேன். விடிய ஆறு மணிக்குப் பெண்கள் கேனோடு வரிசையில் நிற்பார்கள். ஒவ்வொரு கேனிலும் லாக்டோமீட்டரை விடுவோம், கொழுப்பு பார்ப்போம், குறைந்தால் காசைக் குறைப்போம். ஒருநாளும் தவறியதில்லை. ஒரு காலை, கொழுப்புக் குறைந்த ஓர் அக்கா என் மேசைமேல் ஒரு பொட்டலத்தை வைத்தார். பிரித்தேன், புண்ணாக்கு.

"பாலப் பாத்தீங்கல்ல தம்பி, இதையும் பாருங்க."

உடைத்து முகர்ந்தேன். கால்நடை வைத்தியர் அலுவலகத்துக்கு ஒரு கடிதம் எழுதி, பொட்டலத்தையும் கட்டி, அன்றைய பால் பவுசரிலேயே அனுப்பிவைத்தேன்.