நரம்பின் வேகமும் ஒரு கழித்தல் கணக்கும்

நடுராத்திரியில் கை மரத்துப்போய் விழித்துக்கொண்டு, கையை உதறியபடி உட்கார்ந்திருப்பவர்களுக்கு இன்று மருத்துவர் எழுதித் தருவது நரம்புக் கடத்தல் சோதனை. மணிக்கட்டில் சுருக்கென்று ஒரு மின்தூண்டல். விரலில் சுற்றிய மின்முனை. திரையில் ஓர் அலை. தூண்டலுக்கும் அலைக்கும் இடைப்பட்ட நேரம் மில்லிவிநாடிகளில் அறிக்கையில் ஏறிவிடும். இந்தச் சோதனை வளர்ந்த கதையைக் கருவிகளின் கதையாகச் சொல்வதுதான் வழக்கம்: கால்வனோமீட்டர் வந்தது, ஆசிலோஸ்கோப் வந்தது, கணினி வந்தது, துல்லியம் கூடியது. அது பாதிக் கதைதான். கிடைத்த எண்ணில் நரம்புக்குச் சம்பந்தமில்லாத எதெல்லாம் கலந்திருக்கிறது, அதை எப்படிக் கழிப்பது என்று யாரோ ஒருவர் கேட்டபோதெல்லாம்தான் இந்தச் சோதனை கூர்மை பெற்றிருக்கிறது.

முதல் கழித்தலைச் செய்தவர் ஜெர்மன் விஞ்ஞானி ஹெல்ம்ஹோல்ட்ஸ். நரம்பில் செய்தி ஓடும் வேகத்தை அளக்க மனிதனுக்கு ஒருபோதும் வழி கிடைக்காது என்பது அவருடைய ஆசிரியர் யோஹானஸ் முல்லரின் முடிவு. 1850இல், கோனிக்ஸ்பெர்க்கில், மாணவர் அதை அளந்தே காட்டினார். தவளையின் நரம்பைத் தூண்டினால் தசை சுருங்குகிறது. ஆனால் அந்த நேரத்தை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. தசை தன் பங்குக்கும் தாமதிக்கிறது. எனவே தசைக்கு அருகில் ஓரிடத்திலும் தள்ளி ஓரிடத்திலும் தூண்டி, ஒரு நேரத்திலிருந்து மற்றதைக் கழித்தார். தசையின் தாமதம் இரண்டிலும் சமம் என்பதால் அது அடிபட்டுப் போனது. மிஞ்சியது நரம்பின் பயண நேரம் மட்டும். கிடைத்த வேகம் விநாடிக்கு ஏறத்தாழ 27 மீட்டர். ஒலியின் வேகத்தில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. பின்னர் நிகோலாய் பாக்ஸ்ட் என்பவருடன் சேர்ந்து அதே உத்தியை மனிதக் கையில், மீடியன் நரம்பில் செய்து பார்த்தார். கட்டைவிரல் மேட்டுத் தசை புடைக்கும் தருணத்தை ஒரு நெம்புகோல் பதிவு செய்தது. கையைக் குளிர்வித்தால் வேகம் குறைகிறது, சூடாக்கினால் கூடுகிறது என்பதையும் 1870 வாக்கிலேயே அவர்கள் கண்டுவிட்டார்கள். இன்றைக்கும் பல சோதனை அறைகளில் கவனிக்கப்படாத ஒரு விஷயம், சோதனை பிறந்த காலத்திலேயே தெரிந்திருந்தது என்பது நம்மைக் கொஞ்சம் கூச வைக்க வேண்டும்.

அதன்பின் ஏறக்குறைய எண்பது ஆண்டுகள் இது ஆய்வுக்கூடத்துச் சங்கதியாகவே கிடந்தது. போர்க்காலக் காயங்கள்தான் நரம்புச் சேதத்தின் மீது மருத்துவர்களின் கவனத்தைத் திருப்பின. 1948இல் ஹோட்ஸ், லாரபி, ஜெர்மன் ஆகிய மூவர் நோயாளிகளின் இயக்க நரம்புகளில் வேகத்தை அளந்து வெளியிட்டார்கள். அதற்கு முந்தைய ஆண்டுதான் ரஸல் பிரெயினும் அவர் சகாக்களும், மணிக்கட்டில் எலும்புகளுக்கும் குறுக்குப் பட்டைக்கும் நடுவிலுள்ள குறுகிய சுரங்கத்தில் மீடியன் நரம்பு நசுங்குவதைப் பற்றி எழுதியிருந்தார்கள். நோயும் சோதனையும் 1956இல் சந்தித்தன. மணிக்கட்டில் தூண்டினால் கட்டைவிரல் தசைக்குச் செய்தி போய்ச் சேர இந்த நோயாளிகளில் அதிக நேரம் ஆகிறது என்று ஜான் சிம்ப்ஸன் காட்டினார். ஆனால் இங்கே ஹெல்ம்ஹோல்ட்ஸின் கழித்தல் எட்டவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். முழங்கையிலும் மணிக்கட்டிலும் தூண்டிக் கழித்தால் கிடைப்பது முன்கையின் வேகம். நோயோ அதைத் தாண்டிக் கடைசித் துண்டில் இருக்கிறது. அந்தக் கடைசித் துண்டின் நேரத்தில் நரம்பு, அதன் மெல்லிய கிளைகள், நரம்பும் தசையும் சேருமிடம் எல்லாம் ஒன்றாகக் கலந்திருந்தன. நோய் முற்றியவர்களிடம் இது பிடிபட்டது; தொடக்க நிலையில் இருந்தவர்கள் தப்பிவிட்டார்கள்.

கருவி இல்லாமல் கணக்கு மட்டும் என்ன செய்யும் என்று இங்கே ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்வி. தசையிலிருந்து வரும் அலை மில்லிவோல்ட் அளவில் இருக்கிறது. தோலுக்கு மேலிருந்து உணர்வு நரம்பில் எடுக்கும் அலை மைக்ரோவோல்ட் அளவில்தான், கருவியின் இரைச்சலுக்குள்ளேயே அமிழ்ந்து கிடக்கும். லண்டன் குவீன் ஸ்கொயரில் ஜார்ஜ் டாசன் அதை மீட்டெடுத்திருக்காவிட்டால், 1958இல் கில்லியட்டும் சியர்ஸும் நோயாளிகளின் உணர்வு நரம்புகளைச் சோதித்திருக்கவே முடியாது. ஆனால் அவர் மீட்ட விதத்தைப் பாருங்கள். தூண்டலைத் திரும்பத் திரும்பக் கொடுத்து, பதிவுகளை ஒரே படத்தில் ஒன்றன்மேல் ஒன்றாகப் படியவைத்தார். இரைச்சல் ஒவ்வொரு முறையும் வெவ்வேறு இடத்தில் விழுந்து கலைந்துபோக, நரம்பின் அலை ஒரே இடத்தில் விழுந்து அழுத்தம் பெற்றது. அதுவும் வேண்டாததைக் கழிக்கும் வழிதான். கருவி அவருக்கு உதவியது, கேள்வி அவருடையது.

கடைசித் துண்டுச் சிக்கலை அவிழ்த்தவர்கள் நோயாளியின் கையையே அதற்கு அளவுகோலாக்கினார்கள். ஜுன் கிமுரா 1979இல் மணிக்கட்டிலிருந்து உள்ளங்கை வரை ஒவ்வொரு சென்டிமீட்டராக நகர்ந்து தூண்டினார். நல்ல நரம்பில் ஒரு சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 0.2 மில்லிவிநாடிதான் கூடும். நசுங்கிய இடத்தில் மட்டும் நேரம் திடீரென எகிறியது. மோதிர விரலை வைத்துச் செய்யும் சோதனை இதைவிட எளிமையானது, எனக்கு எல்லாவற்றிலும் அழகாகத் தெரிவதும் அதுதான். அந்த விரலின் ஒரு பாதி உணர்வை மீடியன் நரம்பு கொண்டுபோகிறது, மறுபாதியை அல்னார் நரம்பு. மணிக்கட்டில் சம தூரத்தில் இரண்டையும் தனித்தனியே தூண்டி, அதே விரலில், அதே மின்முனையில் பதிவு செய்தால், வயது, உயரம், கையின் குளிர்ச்சி எல்லாம் இரண்டு பக்கமும் ஏறக்குறையச் சமமாகி அடிபட்டுப் போகின்றன. சுரங்கத்துக்குள் போகும் நரம்பு, வெளியே போகும் நரம்பைவிட அரை மில்லிவிநாடி பிந்தினாலே சந்தேகிக்கலாம்.

இவ்வளவு நுட்பத்தையும் ஓர் அளவு நாடா கெடுத்துவிடும். முழங்கையில் அல்னார் நரம்பைச் சோதிக்கும்போது 10 சென்டிமீட்டர் இடைவெளியைச் செய்தி 2 மில்லிவிநாடியில் கடந்தால் வேகம் விநாடிக்கு 50 மீட்டர். நாடா ஒரு சென்டிமீட்டர் பிசகினால் அது 45 ஆகும் அல்லது 55 ஆகும். நோயும் நலமும் இடம் மாறிவிடும். கையை நீட்டி வைத்து அளந்தால் நரம்பு தொய்ந்து கிடப்பதால் தோலின் மேல் அளக்கும் தூரம் குறைந்து, இல்லாத மந்தம் தெரியும். அதனால்தான் முழங்கையை மடக்கி வைக்கச் சொல்கிறார்கள். குளிர் இன்னும் நயவஞ்சகமானது. ஒரு டிகிரி குறைந்தால் வேகம் விநாடிக்கு 2 மீட்டர் அளவுக்குச் சரியும். ஆனால் குளிர்ந்த கையில் உணர்வு அலை தாமதமாக வந்தாலும் உயரமாக இருக்கும். நசுங்கிய நரம்பில் தாமதத்தோடு உயரமும் குறையத் தொடங்கும். இந்த வேறுபாடு தெரிந்தவர் அலையைப் பார்த்தவுடனே வெந்நீர் கொண்டுவரச் சொல்வார்.

சோதனையைக் கூராக்கக் கூராக்க, நலமானவர்களும் வலையில் விழுவார்கள் என்பது இரண்டாவது ஆட்சேபம். இதை லேசாகத் தள்ள முடியாது. தெற்கு ஸ்வீடனில் அட்ரோஷியும் சகாக்களும் செய்து 1999இல் வெளியிட்ட ஆய்வில், அறிகுறியே இல்லாதவர்களில் சுமார் 18 சதவீதம் பேருக்கு மீடியன் நரம்பு சோதனையில் பிந்தித் தெரிந்தது. கணக்கும் அதையே சொல்கிறது. தனித்தனியே 5 சதவீதம் தவறக்கூடிய மூன்று சோதனைகளைச் செய்து, ஏதாவது ஒன்று தவறியதும் நோய் என்றால், தவறு 14 சதவீதத்தைத் தொட்டுவிடும். லாரன்ஸ் ராபின்சன் 1998இல் இதற்குச் சொன்ன வழி எளிமையானது. மோதிர விரல், கட்டைவிரல், உள்ளங்கை ஆகிய மூன்றிலும் கிடைக்கும் நேர வேறுபாடுகளைக் கூட்டி, ஒரே எண்ணாக்கி, அந்த ஒன்றை மட்டும் பார்ப்பது. வேண்டிய முடிவைத் தேடி எடுக்கும் சபலம் அங்கே அடைபடுகிறது. ஆய்வாளரின் ஆசையும் கழிக்க வேண்டிய பட்டியலில் சேர்ந்தது அப்போதுதான்.

அப்படியானால் இந்தச் சோதனையே வேண்டாம், நோயாளி சொல்வதும் மருத்துவர் கைவைத்துப் பார்ப்பதும் போதும் என்பாரும் உண்டு. தெளிவான நோயில் அவர்கள் சொல்வது சரி. சோதனை அளப்பது வேகமான, தடித்த இழைகளை மட்டுமே. வலியைக் கொண்டுபோகும் மெல்லிய இழைகள் அதன் கண்ணுக்குத் தெரியாது. ஆகவே சோதனை நலம் என்று சொன்ன பிறகும் ஒருவருக்குக் கை எரியலாம், அவர் பொய் சொல்லவில்லை. ஆனால் மரத்துப்போவது மணிக்கட்டாலா, கழுத்தாலா, சர்க்கரை நோயாலா என்ற குழப்பத்தில், கத்தியை எடுப்பதற்கு முன் இடத்தைச் சுட்டும் சான்று வேண்டும். அல்ட்ராசவுண்ட் நரம்பு வீங்கியிருப்பதைக் காட்டும். அது வேலை செய்கிறதா என்று காட்டாது.

அறுவைச் சிகிச்சைக்குச் சம்மதிக்கும் முன் உங்கள் அறிக்கையைப் புரட்டிப் பாருங்கள். கையின் வெப்பநிலை எழுதப்பட்டிருக்கிறதா, மீடியன் நரம்பு அதே கையின் இன்னொரு நரம்போடு ஒப்பிடப்பட்டிருக்கிறதா? இல்லையென்றால், தயங்காமல் கேளுங்கள்.