மானியமும் மன்றமும்

அந்தமானில், போர்ட் பிளேர் என வழங்கி 2024-இல் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாற்றம் பெற்ற நகரின் ஒரு பகுதி ஜங்லிகாட். மீன்பிடி படகுகள் வந்தடையும் துறை அது. அங்குள்ள பள்ளி ஆசிரியரின் சம்பளத்திற்கும் தீவுகளுக்கிடையே ஓடும் கப்பலின் செலவிற்கும் வாக்களிக்கும் சட்டசபை ஒன்று இத்தீவுகளில் இல்லை. பணம் டெல்லிப் பாராளுமன்றத்தின் வாக்கினால் வருகிறது. லோக் சபையில் தீவினர்க்கு உள்ள ஆசனமோ ஒன்றே. மன்றம் மானியம் வழங்காவிடில் என்ன நேரும் என்பது இங்கே வெறும் ஏட்டு வினா அன்று.

1924-இல் மோதிலால் நேருவின் சுயராஜ்யக் கட்சியார் மத்திய சட்டசபையில் சில மானியக் கோரிக்கைகளையும் நிதி மசோதாவையும் தோற்கடித்தனர். வைஸ்ராய் ரீடிங் பிரபு தமது தனி அதிகாரத்தால் அவற்றை மீட்டுக்கொண்டார். அன்று மன்றத்தின் மறுப்புக்கு வலிமை இல்லை. குடியரசில் நிலை வேறு: அரசியல் சட்டத்தின் 266-ஆம் பிரிவின்படி, சட்டத்தின் அனுமதியின்றித் தொகுப்பு நிதியிலிருந்து ஒரு காசும் எடுத்தல் இயலாது.

இதனை உரைத்துப் பார்த்த ஆண்டு 1968, இடம் பஞ்சாப். லச்மன் சிங் கில்லின் மந்திரிசபை காங்கிரஸின் ஆதரவால் நின்றது. வரவு செலவுத் திட்டம் மார்ச் 31-க்குள் நிறைவேற வேண்டும். தம்மீது நம்பிக்கையில்லாத் தீர்மானம் எழுந்த நிலையில், சபாநாயகர் ஜோகிந்தர் சிங் மான், மார்ச் 7 அன்று சபையை இரண்டு மாதங்களுக்கு ஒத்திவைத்தார். எதிர்த்து வாக்களித்து மந்திரிசபையை வீழ்த்துவது சட்டம் தந்த உரிமை. வாக்கெடுப்பே நடவாதபடி கதவை அடைப்பது அவ்வுரிமையைத் திருடுவதேயாகும் என நாம் கருதுகிறோம்.

கவர்னர் பாவடே கூட்டத் தொடரை முடித்துவைத்து, நிதிக் காரியம் முடியுமுன் சபையின் தீர்மானமின்றி ஒத்திவைத்தல் கூடாது என அவசரச் சட்டம் பிறப்பித்து, மார்ச் 18-இல் சபையை மீண்டும் கூட்டினார். சபாநாயகர் அவ்வழைப்புச் செல்லாது எனக் கூறி வெளியேறினார். துணைச் சபாநாயகர் ஆசனத்தில் அமர, கூச்சலுக்கிடையே ஒதுக்கீட்டு மசோதாக்கள் நிறைவேறின.

வழக்கு எழுந்தது. ஹைகோர்ட் அச்சட்டங்கள் செல்லா என்றது. சுப்ரீம் கோர்ட்டோ ஜூலை 30 அன்று கவர்னரின் செயலை ஏற்றது. நிதிக் காரியம் உரிய காலத்தில் முடிதற்பொருட்டுச் சபை நடைமுறையைச் சட்டத்தால் வரையறுக்க 209-ஆம் பிரிவு இடமளிக்கிறது. அவசரச் சட்டமும் சட்டமே என்பது தீர்ப்பின் கருத்து. தீர்ப்பு சரியே. ஆயினும், மக்கள் தேர்ந்த மன்றத்தின் நடைமுறையை நியமனம் பெற்ற கவர்னர் ஒருவர் எழுத நேர்ந்ததே என்னும் உறுத்தல் நமக்கு நீங்கவில்லை.

ஒரு மாதத்திற்குள் காங்கிரஸ் ஆதரவை விலக்கிக்கொண்டது. ஆகஸ்ட் 23 அன்று குடியரசுத் தலைவர் ஆட்சி வந்தது, சட்டசபையும் கலைந்தது. 1969-இல் தேர்தல் நடந்து முடியும் வரை, பஞ்சாபும் அந்தமானைப் போலவே டெல்லியை நோக்கி நின்றது.