நட்பு நாடுகளும் மருத்துவ அட்டையும்

இரு நாடுகளின் பேச்சுவார்த்தைகள் பற்றிய நூல் எதைப் படித்தாலும், பேசப்பட்ட பொருள்களில் பெண்கள் எங்காவது வருகிறார்களா என்று தேடுவது என் வழக்கம். பெரும்பாலும் வரமாட்டார்கள். கேத்தரின் மூன் 1997இல் வெளியிட்ட ‘செக்ஸ் அமங் அல்லைஸ்’ நூலில் வந்தார்கள். 1970களில் அமெரிக்காவும் தென்கொரியாவும் நடத்திய பேச்சுகளில், தீர்க்கப்பட வேண்டிய ஒரு பிரச்சினையாக.

கொரியப் போர் ஓய்ந்த 1953இல் இரு நாடுகளும் பரஸ்பரப் பாதுகாப்பு ஒப்பந்தம் செய்துகொண்டன. அமெரிக்கப் படை தங்கிவிட்டது. முகாம்களைச் சுற்றி ‘கிஜிச்சோன்’ எனப்படும் மதுக்கூட ஊர்கள் முளைத்தன. வறுமை துரத்தியும் தரகர்களிடம் ஏமாந்தும் அங்கே வந்த பெண்கள், விடுதி முதலாளிகளின் கடனில் சிக்கி வெளியேற முடியாமல் போனார்கள். ஊரார் அவர்களுக்கு வைத்த பெயர் ‘யாங்கொங்ஜு’, மேலைநாட்டு இளவரசி. இளவரசி என்ற சொல்லை இத்தனை கேவலமாக வேறெங்கும் நான் கண்டதில்லை.

1969இல் குவாமில் பேசிய நிக்சன், ஆசிய நட்பு நாடுகள் தங்கள் பாதுகாப்பை இனித் தாங்களே பெரிதும் சுமக்க வேண்டும் என்றார். 1971இல் ஏழாவது காலாட்படைப் பிரிவு வெளியேறியது. சுமார் 20,000 வீரர்கள் குறைந்தார்கள். வியட்நாம் போருக்குத் தன் படைகளை அனுப்பியிருந்த பார்க் சுங்-ஹீ அரசுக்கு இது அதிர்ச்சி. மிச்சமிருக்கும் படையையாவது தக்கவைக்க வேண்டும். அமெரிக்கத் தளபதிகளிடம் புகார்கள் தயாராக இருந்தன: வீரர்களிடையே பால்வினை நோய், முகாம் ஊர்களில் இனப் பாகுபாடு. கூட்டுக் குழுவின் கீழ் இதற்கென்றே ஒரு துணைக்குழு அமைந்தது. கொரிய அரசு ‘முகாம் ஊர்த் தூய்மை இயக்கம்’ தொடங்கியது.

இனப் பாகுபாடு பற்றிக் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டியிருக்கிறது. கறுப்பின வீரர்களின் புகார் பொய்யல்ல. அவர்களை ஒதுக்கிய மதுக்கூடங்கள் இருந்தன. 1971 ஜூலையில் ஆன்ஜோங்-ரியில் அது கலவரமாகவே வெடித்தது. ஆனால் வெள்ளையர், கறுப்பர் என்ற பிரிவினையை அந்தப் பெண்களா கண்டுபிடித்தார்கள்? அமெரிக்கா தன் வீட்டிலிருந்து கொண்டுவந்த சரக்கு அது. கறுப்பின வீரரோடு பழகும் பெண்ணை வெள்ளையர் புறக்கணித்தார்கள். அவள் பிழைப்பு போயிற்று. கடைசியில் சமத்துவப் பாடம் நடத்தப்பட்டது பெண்களுக்கு. எந்த நிறத்தவரையும் மறுக்காதே என்பது அதன் பொருள். மறுக்கும் உரிமை அவளுக்கு உண்டா என்பதை யாரும் கேட்கவில்லை.

நோய்க்கான ‘தீர்வு’ இன்னும் நேரடியானது. பெண்கள் தவறாமல் பரிசோதனைக்குப் போக வேண்டும். முத்திரை குத்திய மருத்துவ அட்டை கையில் இருக்க வேண்டும். நோயுற்ற சிப்பாய் ஒருத்தியைச் சுட்டிக்காட்டினாலே அவளைப் பிடித்துக்கொண்டு போவார்கள். தோங்துச்சோனில் அவர்களை அடைத்த கட்டடத்தை மக்கள் ‘குரங்கு வீடு’ என்றார்கள். சன்னல் கம்பிகளைப் பற்றிக்கொண்டு பெண்கள் நின்ற காட்சியிலிருந்து வந்த பெயர். அங்கே போடப்பட்ட பெனிசிலின் ஊசியின் கடுமையையும், ஊசிக்குப் பின் கண்முன்னே இறந்த தோழிகளையும் பற்றிப் பின்னாளில் சாட்சியம் சொல்லியிருக்கிறார்கள். நோய் இருவருக்கும் பொது; கம்பி ஒருத்திக்கு மட்டும்.

இதே பெண்களைக் கூட்டி உட்காரவைத்து அதிகாரிகள் சொற்பொழிவும் ஆற்றினார்கள். டாலர் ஈட்டித் தரும் தேசபக்தர்கள் நீங்கள் என்றார்கள். தேசம் பெண்ணைப் புகழ ஆரம்பித்தால் எனக்கு உள்ளூர ஒரு கலக்கம் வந்துவிடும்.

பேச்சுவார்த்தை நடத்தியவர்களின் குறிப்புகள் ஆவணக் காப்பகத்துக்குப் போயின. பெண்கள் பேச ஆண்டுகள் பலவாயின. முகாம் ஊர்களில் வாழ்ந்த கிம் யோன்-ஜா 2005இல் தன் வரலாற்றை நூலாக எழுதினார். 2014இல் 122 பெண்கள் கொரிய அரசின் மீது வழக்குத் தொடுத்தார்கள். முகாம் ஊர்களை அமைத்து, நிர்வகித்து, அத்தொழிலை ஊக்குவித்ததற்கு அரசே பொறுப்பு என்று 2022 செப்டம்பர் 29 அன்று உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. அப்போது வழக்கில் எஞ்சியிருந்தவர்கள் 95 பேர். இழப்பீடு தலைக்கு 30 லட்சம் முதல் 70 லட்சம் வோன் வரை. மேசையின் எதிர்ப்பக்கத்தில் உட்கார்ந்திருந்த அமெரிக்கா அந்த வழக்கில் பிரதிவாதி அல்ல.