நாணமும் நஞ்சும்

கதவொன்று சாத்தப்பட்டிருக்கிறது. அதன்மேல் பூட்டுகள் தொங்குகின்றன. வெளியே நிற்கிறாள் ஒரு பெண். தட்டித் தட்டிக் கை சோர்ந்து, கண் கலங்கி நிற்கிறாள். உள்ளே இருப்பவன் அவள் கணவன். என்ன குற்றம் செய்தாள் அவள்? குடும்பத்தைக் கெடுத்தாளா? குழந்தைகளைப் பட்டினி போட்டாளா? இல்லை! அவள் உடலில் நாற்றம் வீசுகிறதாம். அதை அவளிடம் சொல்லவும் அவனுக்கு நா எழவில்லையாம். அதனால் அன்பை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டானாம்!

நாடகக் காட்சியன்று இது. 1940-களில் அமெரிக்க மாதர் இதழ்களில் வெளிவந்த விளம்பரப் படம். அந்தக் கதவைத் திறக்க அவர்கள் காட்டிய திறவுகோல் எது தெரியுமோ? லைசால்! தரையைத் துடைக்கவும், கழிவறையைக் கழுவவும், நோயாளி கிடந்த அறையைத் தூய்மை செய்யவும் பயன்பட்ட அதே லைசால்! அதை நீரில் கலந்து, குழாய் வழியாகப் பிறப்புறுப்பின் உள்ளே பாய்ச்சிக் கழுவிக்கொண்டால் கணவன் திரும்பி வருவான் என்று அந்த விளம்பரங்கள் கூறின.

இதையெல்லாம் ஏட்டில் எழுதலாமா, தாய்மார்கள் படிக்கும் இதழாயிற்றே என்று முகம் சுளிப்போர் உண்டு. தாய்மார்கள் படிக்கிறார்கள் என்பதற்காகவே எழுதுகிறோம். பேசக்கூடாது என்று பெரியவர்கள் கட்டளையிட்டதன் விளைவைத்தான் இந்த வரலாறு காட்டுகிறது.

லைசால் பிறந்தது ஜெர்மனியில், 1889-ஆம் ஆண்டில். காலரா என்னும் கொள்ளைநோயை ஒழிக்க ஆக்கப்பட்ட மருந்து அது. கிரெசால் என்ற கடுமையான பொருள் அதில் கலந்திருந்தது. கிருமியைக் கொல்லும், தோலையும் சுடும். நோயோடு போரிட வந்த அந்தக் கருவியை நாம் பழிக்கவில்லை. கொள்ளைநோய் புகுந்த ஊரில் அது எத்தனையோ உயிர்களைக் காத்திருக்கும்.

அதே ஜெர்மனியில், மூன்றே ஆண்டுகள் கழித்து, 1892-இல், ஆல்பர்ட் டூடர்லைன் என்ற மருத்துவ அறிஞர் மற்றோர் உண்மையைக் கண்டு நூலாக வெளியிட்டார். நலமுள்ள பெண்ணின் பிறப்புறுப்பில் நுண்ணுயிர்கள் இயல்பாகவே வாழ்கின்றன. அவை லாக்டிக் அமிலத்தை உண்டாக்குகின்றன. அந்த அமிலம் தீய கிருமிகளை அண்டவிடாமல் தடுக்கிறது என்பதே அவர் கண்டது. தயிரைப் புளிக்கவைக்கும் இனத்தைச் சேர்ந்த உயிர்கள்தாம் அவை! எனவே, அங்கே மெல்லிய புளிப்பு மணம் இருப்பது அழுக்கின் அடையாளமன்று. காவலர்கள் விழித்திருக்கிறார்கள் என்பதன் அடையாளம்.

கொல்லும் மருந்தும், காக்கும் அறிவும் ஒரே நாட்டில், மூன்றாண்டு இடைவெளியில் தோன்றின. மருந்து கடல் கடந்தது, கடைத்தெருவில் ஏறியது, இலட்சக்கணக்கான வீடுகளில் புகுந்தது. அறிவோ மருத்துவர்களின் நூலடுக்கிலேயே தங்கிவிட்டது. ஏன் இந்த விந்தை? விடை தேட வேண்டுமானால் சட்டப் புத்தகத்தைப் புரட்ட வேண்டும்.

1873-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ஒரு சட்டம் வந்தது. அந்தோணி காம்ஸ்டாக் என்ற ஒழுக்கக் காவலரின் விடாமுயற்சியால் வந்ததால், அவர் பெயராலேயே வழங்கியது. ஆபாச ஏடுகளை அஞ்சலில் அனுப்பக்கூடாது என்றது சட்டம். அதோடு நின்றதா? கருத்தடைக் கருவிகளையும், கருத்தடைபற்றிய செய்திகளையும் அதே ஆபாசப் பட்டியலில் சேர்த்தது! காமக் கதையும், களைத்துப்போன தாய்க்கு ஒரு மருத்துவர் எழுதும் அறிவுரைக் கடிதமும் அந்தச் சட்டத்தின் கண்ணுக்கு ஒன்றாகவே பட்டன. காம்ஸ்டாக்கே அஞ்சல் துறையின் தனி அலுவலராக அமர்ந்து வேட்டையை நடத்தினார்.

செவிலியராக இருந்த மார்கரெட் சாங்கர், நியூயார்க்கில் ஒரு சமதர்ம நாளேட்டில், பெண்கள் தங்கள் உடலைப்பற்றி அறிய வேண்டியவற்றைத் தொடராக எழுதிவந்தார். 1913-இல் பால்வினை நோய்பற்றிய பகுதியை வெளியிடக்கூடாது என்று அஞ்சல் துறை தடுத்தது. ஏட்டினர் என்ன செய்தனர்? தலைப்பை மட்டும் அச்சிட்டு, அதன்கீழ் ‘ஒன்றுமில்லை’ என்று போட்டு, இது அஞ்சல் துறையின் ஆணை என்றும் குறித்து வெளியிட்டனர்! அடக்குமுறையின் முகத்தில் அறைந்த வெற்றிடம் அது. 1916-இல் புரூக்ளின் பகுதியில் சாங்கர் ஒரு கருத்தடை நிலையம் திறந்தார். பத்து நாட்கள்கூட அதை நடத்தவிடவில்லை, போலீசார் மூடினர். அடுத்த ஆண்டு அவருக்கு முப்பது நாள் சிறை. (நல்ல மக்களைப் பெருக்கி, தாழ்ந்தோர் பெருகாமல் தடுப்பது என்று அந்நாளில் மேல்நாட்டில் பரவிய கொள்கையோடும் அவர் உறவு கொண்டிருந்தார். அந்தக் கறையை நாம் மறைக்க வேண்டியதில்லை.)

வாயில் அடைக்கப்பட்டது, தேவை அடங்கிற்றா? ஐந்தும் ஆறும் பெற்று நலிந்த பெண், ஏழாவது வேண்டாம் என்று எண்ணாமல் இருப்பாளா? அங்கேதான் வணிகன் நுழைந்தான். ‘கருத்தடை’ என்று சொன்னால்தானே குற்றம்? ‘மாதர் தூய்மை’ என்று சொன்னால்? சட்டம் தொடமுடியாது! சொல்லை மாற்றினார்கள்; சரக்கு ஓடியது. புட்டியில் எழுதியிருந்தது தூய்மை. படத்தில் வரைந்திருந்தது நாற்றம். வாங்கிய பெண்களில் பெரும்பாலோர் மனத்தில் இருந்தது கருத்தடை. விற்றவனுக்கும் அது தெரியும், வாங்கியவளுக்கும் தெரியும். வாய் திறந்து சொல்ல மட்டும் இருவராலும் முடியாது. வணிகனுக்கு அதில் எவ்வளவு வசதி பாருங்கள்! மருந்து பயன்படாமல் அவள் கருவுற்றால், ‘கரு உண்டாகாது என்று நாங்கள் எப்போது சொன்னோம்?’ என்று கைவிரித்துவிடலாம். சொல்லாத வாக்குறுதிக்கு வழக்குத் தொடுப்பது எப்படி?

பயன்பட்டதா என்றால், இல்லவே இல்லை. 1933-இல் நியூவார்க் நகரத் தாய்மார் நல நிலையத்தில் நடந்த ஆய்வில், இப்படிக் கழுவிக்கொண்ட 507 பெண்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் கருவுற்றிருந்தனர். தீங்கோ முன்பே தெரிந்திருந்தது. 1911-ஆம் ஆண்டுக்குள்ளாகவே, லைசால் நஞ்சேறிய 193 நிகழ்ச்சிகளையும், கருப்பையைக் கழுவப்போய் மாண்ட ஐவரின் சாவையும் மருத்துவர்கள் பதிவு செய்திருந்தனர். எரிச்சல், கொப்புளம், புண் என்று மருத்துவரிடம் ஓடியவர்கள் பலர். ஓட நாணி வீட்டிலேயே வெந்துகொண்டிருந்தவர்களை எந்த ஏடும் கணக்கெடுக்கவில்லை.

விளம்பரமோ, மென்மையான உறுப்புக்கும் தீங்கற்றது என்று அடித்துப் பேசியது. ஐரோப்பாவின் புகழ்பெற்ற பெண் மருத்துவர்கள் அறிவுரை கூறுவதாகப் பக்கம் பக்கமாக வந்தது. அமெரிக்க மருத்துவக் கழகத்தார் ஆராய்ந்தபோது, அப்படிப்பட்ட மருத்துவர்களே இல்லை என்று தெரிந்தது! இல்லாத மருத்துவர் சொல்லாத அறிவுரையை, விளையாத நன்மைக்காக விலைகொடுத்து வாங்கினர் பெண்கள். கருத்தடை வணிகத்தின் ஆண்டு மதிப்பு 25 கோடி டாலர் என்று ‘ஃபார்ச்சூன்’ இதழ் 1938-இல் கணக்குக் காட்டியது. அதில் பெரும்பங்கு இந்த ‘மாதர் தூய்மை’ச் சரக்குக்கே. மாத்திரை வந்த 1960 வரையில், அமெரிக்கப் பெண்கள் கருத்தடைக்கென மிகுதியாகக் கையாண்ட வழியும் இந்தக் கழுவலே!

நாற்றம் என்ற சொல்லைப்பற்றி ஒன்று நினைவுக்கு வருகிறது. பழந்தமிழில் நாற்றம் என்றால் மணம். மலரின் நறுமணத்தையும் அச்சொல்லாலேயே குறித்தனர். காலம் அதைக் கீழிறக்கிவிட்டது. சொல்லை மட்டுமா இறக்கினார்கள்? மனிதரையும் இறக்க நாற்றத்தையே ஏணியாக்கினார்கள். அமெரிக்காவில் நீக்ரோக்கள் என்று இழிவாகக் குறிக்கப்பட்ட கறுப்பின மக்களின் உடல் நாறும் என்பது வெள்ளை ஆதிக்கத்தார் தலைமுறை தலைமுறையாகச் சுமத்திய பழி. அந்தப் பழிக்கு அஞ்சிய கறுப்பினப் பெண்கள், வெள்ளைப் பெண்களைவிட மிகுதியாக இந்தக் கழுவலை மேற்கொண்டனர் என்று பிற்கால ஆய்வுகள் கூறுகின்றன. அம்மா மகளுக்குச் சொல்லிக் கொடுத்தாள், கண்டிப்போடு. தன் மகளை எவரும் இழிவாக எண்ணிவிடக்கூடாதே என்ற தாயின் தவிப்பு அது! தீண்டினால் தீட்டு, நிழல் பட்டால் தீட்டு, மாதம் மூன்று நாள் வீட்டுப் பெண்ணே தீட்டு என்று கேட்டு வளர்ந்த நமக்கு அந்தத் தவிப்பை விளக்க வேண்டியதில்லை.

சாங்கர் அம்மையார் 1935-இல் இந்தியாவுக்கு வந்தார். வார்தாவில் காந்தியாரைக் கண்டு வாதாடினார். கருவிகள் வேண்டா, புலனடக்கமே போதும் என்றார் காந்தியார். அதற்கு முன்பே இங்குத் தமிழகத்தில் பெரியார் கருத்தடைக்குக் குரல் கொடுத்திருந்தார். நாட்டின் வறுமை தீர, தாயின் உடல் தேற என்று பிறர் காரணம் கூறியபோது, பெண் விடுதலை பெற அது வேண்டும் என்று அவர் கூறினார். ‘பெண் ஏன் அடிமையானாள்?’ என்ற நூலில் அதற்கென ஒரு பகுதியே உண்டு. சட்டத்துக்கு அஞ்சி, ‘தூய்மை’ என்ற திரைக்குப் பின்னால் அமெரிக்கா முணுமுணுத்த சொல்லை, இங்கு மேடையிலேயே முழங்கினார்கள்.

அங்கே சட்டம் மெல்ல மெல்லத் தளர்ந்தது. 1936-இல் ஒரு நீதிமன்றத் தீர்ப்பு, மருத்துவர்கள் கருத்தடைக் கருவிகளை வரவழைத்துக்கொள்ள வழிவிட்டது. 1965-இல் மணமானவர்களுக்கும், 1972-இல் மணமாகாதவர்களுக்கும் கருத்தடையைத் தடுக்கக்கூடாது என்று உச்சநீதிமன்றம் கூறிவிட்டது. மாத்திரையும் வந்துவிட்டது. இனி லைசால் எதற்கு? கருத்தடை என்ற மறைபொருள் போய்விட்டதல்லவா, விளம்பரமும் போயிருக்க வேண்டுமே! போகவில்லை. திரையாகத் தொங்கவிட்ட நாற்றமே தனிச் சரக்காகிவிட்டது. 1960-களின் பிற்பகுதியில் பிறப்புறுப்பில் தெளிக்கும் மணத்தெளிப்பான்கள் வந்தன. அவற்றில் சிலவற்றில் ஹெக்சாகுளோரோஃபீன் என்ற கிருமிக்கொல்லி இருந்தது. பிரான்சில் அது மிகுதியாகக் கலந்துவிட்ட குழந்தைப் பவுடரால் 1972-இல் பச்சிளங்குழந்தைகள் மாண்டனர். அதே ஆண்டில் அமெரிக்க அரசு அப்பொருளுக்குக் கடிவாளமிட்டது.

உண்மையான நோய் இல்லையா? உண்டு. 1955-இல் கார்ட்னர், டியூக்ஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர் இருவர், மீன் வாடை போன்ற மணத்தோடு வெள்ளைப்படும் நிலையில் காணப்படும் நுண்ணுயிர் ஒன்றை விளக்கினர். டூடர்லைன் கண்ட காவலர் படை குறைந்து, வேறு உயிர்கள் பெருகும்போது அந்த நிலை உண்டாகிறது. மருத்துவரிடம் சென்றால், சில நாள் மருந்தில் பெரும்பாலும் தீரும். அரிப்பு, எரிச்சல், நிறம் மாறிய ஒழுக்கு, அடிவயிற்று வலி இருந்தால் காலம் தாழ்த்தாமல் செல்ல வேண்டும். மாறாக, உள்ளே கழுவக் கழுவக் காவலர் படைதான் மாள்கிறது. எந்த மணத்துக்கு அஞ்சினாளோ, அதுவே கூடுகிறது! கருப்பைக்கும் கருக்குழாய்க்கும் தொற்று ஏறும் ஆபத்தும் மிகுதியாகிறது. புறத்தே வெறும் நீரால் கழுவினால் போதும், உள்ளே எதையும் பாய்ச்சாதீர்கள் என்றே இன்று மகப்பேற்று மருத்துவர்கள் கூறுகின்றனர்.

அண்மையில் நம் ஊர் மருந்துக் கடையில் நின்றபோது, பெண்களுக்கென்று அடுக்கியிருந்த இளஞ்சிவப்புப் புட்டிகளைக் கண்டோம். லைசாலின் கடுமை அவற்றில் இல்லை; காலம் மாறிவிட்டது. லாக்டிக் அமிலம் சேர்ந்தது என்று புட்டியின் நெற்றியிலேயே அச்சிட்டிருந்தார்கள். டூடர்லைன் 1892-இல் கண்ட அதே அமிலம். நலமுள்ள பெண்ணின் உடல் நாள்தோறும் தானே சுரந்து வைத்துக்கொள்ளும் அமிலம். கடைப்பையன் அதைச் செய்தித்தாளில் சுற்றி, மேலே ஒரு கறுப்புப் பையும் போட்டு, பக்கத்தில் நின்ற அம்மாவிடம் கண்ணை ஏறிட்டுப் பாராமல் நீட்டினான்.