பிராசி சீமாட்டியின் தொகுப்பும் தர்பார் மண்டபமும்

விக்டோரியா காலத்துச் செல்வர்கள் தம் பயணங்களில் திரட்டிய அரும்பொருள்களே இன்றைய பிரித்தானிய அருங்காட்சியகங்கள் பலவற்றின் தொடக்கமாக அமைந்தன. அவ்வாறு உருவானவற்றுள் ஆனி பிராசியின் (1839–1887) தொகுப்பு இந்திய நோக்கில் தனித்து ஆராயத்தக்கது.

அவருடைய மாமனார் தாமஸ் பிராசி உலகறிந்த இருப்புப்பாதை ஒப்பந்தக்காரர். கிழக்கு வங்காள இருப்புப்பாதைப் பணியிலும் பங்கு கொண்டவர். அவர் ஈட்டிய பெருஞ்செல்வமே மகனையும் மருமகளையும் ‘சன்பீம்’ என்னும் சொந்தக் கப்பலில் உலகைச் சுற்றிவரச் செய்தது. 1876 சூலையில் தொடங்கிய அப்பயணம் 1877 மே மாதம் முடிவுற்றது. அதனைப் பற்றி ஆனி எழுதி 1878இல் வெளியிட்ட நூல் பெரும் வரவேற்பைப் பெற்றது. இப்பயணத்திலும் பின்னர் மேற்கொண்ட பயணங்களிலும் பசிபிக் தீவுகளின் கைவினைப் பொருள்கள், சிப்பிகள், பவளங்கள், பறவைகள் எனப் பலவற்றை அவர் சேர்த்தார். தம் வீட்டு அலங்காரமாக மட்டும் அவற்றை வைத்துக்கொள்ளாமல் பொதுமக்கள் காணவும் வைத்தார் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

எனினும் இத்தகைய தொகுப்புகளில் சேர்த்தவர் பெயர் நிலைக்கிறது. செய்தவர் பெயர் பெரும்பாலும் மறைகிறது. பொருள் எவ்விடத்தது என்ற குறிப்பே எஞ்சும். இப்பொதுநிலைக்கு விலக்காக அமைவது, அத்தொகுப்பைத் தாங்கிய மண்டபமே. 1886இல் லண்டன் தென் கென்சிங்டனில் நடைபெற்ற காலனி, இந்தியப் பொருட்காட்சிக்காக அம்மண்டபம் உருவாக்கப்பட்டது. அதன் மரவேலைப்பாடுகளைப் பஞ்சாபின் பேரா நகரத்துத் தச்சர்களான முகம்மது பக்ஷ், ஜுமா ஆகிய இருவர் லண்டனிலேயே இருந்து செதுக்கினர். அதே பொருட்காட்சியில் வேலை செய்துகாட்டிய இந்தியக் கைவினைஞர்களுள் பலர் ஆக்ரா சிறையிலிருந்து அழைத்துச் செல்லப்பட்டோர் என்பது ஈண்டு நினைக்கத்தக்கது. கலையைக் காட்டுவதோடு கலைஞரையும் காட்சிப்பொருளாக்கிய காலம் அது.

பொருட்காட்சி முடிந்தபின் பிராசி குடும்பத்தார் அம்மண்டபத்தை விலைக்கு வாங்கி, லண்டன் பார்க் லேனிலிருந்த தம் இல்லத்தில் மீண்டும் பொருத்தினர். 1887இல் இந்தியாவைக் கண்டு ஆஸ்திரேலியா சென்ற ஆனி, திரும்பும் வழியில் செப்டம்பர் 14 அன்று கப்பலிலேயே மறைந்தார். உடல் கடலில் அடக்கம் செய்யப்பட்டது. அவர் மறைவுக்குப் பின் அவருடைய தொகுப்பு அம்மண்டபத்தில் வைக்கப்பட்டது. கணவர் 1918இல் இறந்தபின் மண்டபம் ஹேஸ்டிங்ஸ் நகருக்கு அளிக்கப்பட்டு, 1930களில் அந்நகர அருங்காட்சியகத்தில் நிறுவப்பட்டது. அதனைச் செதுக்கியோரின் ஊராகிய பேரா 1947 முதல் பாகிஸ்தானில் உள்ளது.